வெறுங்கூடையும் அசைந்த கையும்: பழைய படங்களில் மலையகம்

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான தபாலட்டை ஒன்றின் பிரதி என் மேசையில் இருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் இளம்பெண் நிற்கிறாள். முதுகில் கூடை. கூடைக் கயிறு தலைக்கு மேலால் போகிறது. வலது கை ஒரு கொழுந்தைத் தொட்டபடி இருக்க, முகம் மட்டும் படம் பிடிப்பவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. சேலைக்கு இளஞ்சிவப்பு பூசியிருக்கிறார்கள். அடியில், இலங்கையில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்று இருக்கிறது. இந்த அட்டையை, ஏறத்தாழ நாற்பது வருடம் கொழுந்து எடுத்த என் அப்பாயியிடம் ஒருநாள் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வெறுங்கூட தம்பி. கொழுந்து இருந்தா கயிறு தலய இழுக்கும், கழுத்து இப்பிடி நிமுந்து நிக்காது. இடுப்புல படங்கு இல்ல. மட்டக்கம்பும் இல்ல. ஒத்தக் கையில யாரு கொழுந்து எடுப்பா? இவள எடுக்கிற மாதிரி நிப்பாட்டி வச்சிருக்காங்க" என்றார். படங்கு என்பது கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் முரட்டுத் துணி; மட்டக்கம்பு என்பது செடியின் மட்டம் பார்க்க அதன் மேல் வைக்கும் கோல்.

இந்த அட்டையை வாங்கிய பயணியோ, அதைக் கடல் கடந்து பெற்றுக்கொண்ட அவருடைய உறவினரோ கயிற்றின் தொய்வைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்கு இலங்கை என்பது தொலைதூரத் தீவு. அந்தத் தீவின் மக்கள், உடை, தொழில், நிலம் எல்லாம் தபாலட்டை, தேயிலைப் பெட்டியின் மேலிருந்த சித்திரம், புகையிரத நிலையச் சுவரில் ஒட்டிய விளம்பரம், கடிதத்தின் முத்திரை ஆகியவற்றின் வழியாகவே அவர்களை அடைந்தன. இவை இன்று பழங்காலக் கலைப்பொருட்களாக மதிக்கப்படுகின்றன; சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்; மலைநாட்டு உல்லாச விடுதிகளின் சுவர்களை இவற்றின் மறுபதிப்புகள் அலங்கரிக்கின்றன. அவற்றில் அழகு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை ஒரு பண்பாட்டைக் காட்டுகின்றன என்று சொல்வதற்கு முன், யார், எதற்காக, எந்தக் கருவியைக் கொண்டு அவற்றைச் செய்தார்கள் என்று கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கும்போது சில படங்கள் தம் நோக்கத்துக்கு அப்பாலும் சில உண்மைகளைச் சொல்லத் தொடங்குகின்றன.

முதலில் ஒரு கால வரிசை. இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியான மலையகத்தைப் பற்றிய ஆரம்பகாலச் சித்திரங்களில் கொழுந்து பறிக்கும் பெண் இல்லை. ஏனென்றால் அப்போது இங்கே தேயிலையே இல்லை. 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள் கோப்பித் தோட்டங்களுக்காகவே வந்தார்கள். காட்டை அழித்தல், பாதை வெட்டுதல், கோப்பிப் பழம் பறித்தல் ஆகியவை அவர்களுடைய வேலைகள். பழம் பறிப்பு சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் ஆண்கள் வந்து, பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். இலங்கையில் வாழ்ந்த ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த ஓவியரான ஜே.எல்.கே. வான் டார்ட் (1831–1898) போன்றவர்களின் கோட்டுச் சித்திரங்கள் இந்தக் கோப்பிக் காலத்தைச் சேர்ந்தவை. 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டுபிடிக்கப்பட்டது; அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873இல் அங்கிருந்து இலண்டனுக்குப் போன முதல் தேயிலையின் அளவு 23 இறாத்தல் மட்டுமே.

தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஒரு மலையில் கொழுந்து எடுத்து முடித்து, ஏழெட்டு நாளில் மறுபடியும் அதே மலைக்குத் திரும்ப வேண்டும். விட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆகவே பருவத்துக்கு வந்துபோன ஆண்களின் இடத்தில் குடும்பங்கள் தங்கின, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் நிரந்தரமாயின, கொழுந்து எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுந்தது. கூடைக்காரப் பெண்ணின் படம் 1880களுக்குப் பிறகு பெருகியதற்குக் காரணம் கலைஞர்களின் ரசனை மாற்றம் மட்டுமல்ல. பயிர் மாறியது, அதனால் உழைப்பின் முறை மாறியது, அதனால் படமும் மாறியது. பழைய படம் ஒன்றில் கோப்பியா தேயிலையா, ஆண்கள் கூட்டமா பெண்கள் நிரையா என்று பார்த்தாலே அதன் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

அடுத்தது கருவி. 1880கள் வரை புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் ஈரத்தகட்டு முறையைப் பயன்படுத்தினார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, அது காயும் முன்பே படம் எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்காக இருட்டுக் கூடாரம், இரசாயனப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள், மூன்று கால் நிறுத்தி என அத்தனையையும் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டும். அந்தச் சுமையை ஏற்றியவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் தகட்டில் விழ பல விநாடிகள் பிடிக்கும். அதுவரை எதிரே இருப்பவர் அசையக் கூடாது. அசைந்தால் அந்த இடம் கலங்கிப் புகையாகிவிடும். கொழுந்து எடுப்பதோ நொடிக்கு நொடி இரண்டு கைகளும் ஓடும் வேலை. எனவே அந்தக் காலக் கருவியால் உண்மையான வேலையைப் பிடிக்கவே முடியாது. வேலையை நிறுத்தி, கையை ஒரு செடியின் மேல் வைத்து, வேலை போன்ற ஒரு தோற்றத்தைத்தான் பிடிக்க முடியும். என் அப்பாயி கண்ட வெறுங்கூடையின் தோற்றுவாய் இதுதான். பின்னாளில் வேகமான உலர்தகடுகள் வந்த பிறகும் அந்த நிற்கும் கோலம் மாறவில்லை. வாங்குபவர்களின் கண்ணுக்கு அது பழகிவிட்டது.

இலங்கையில் இந்தத் தொழிலைச் செய்த நிறுவனங்களில் ஸ்கீன் கம்பனியும், கண்டியில் தொடங்கிய ஸ்கோவன் கம்பனியும், 1890இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட பிளாட்டே நிறுவனமும் முக்கியமானவை. கோயில்கள், யானைகள், துறைமுகம், மலைப் புகையிரதப் பாதை, தேயிலைத் தொழிற்சாலை, 'இனங்களின் மாதிரிகள்' என்று அவர்களுடைய விற்பனைப் பட்டியல் நீளும். 1867இல் கண்டி வரைக்கும் 1885இல் நானுஓயா வரைக்கும் புகையிரதம் வந்தது. அதன் வழியே பயணிகள் வந்தார்கள். பயணிகளுக்கு நினைவுப் பொருள் தேவைப்பட்டது.

இந்த வணிகப் படங்களுக்கு வெளியே நிற்பவர் ஒருவர் உண்டு. பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயம் என்ற சிறிய கல்லாலயம் இருக்கிறது. அதன் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமெரோன் புதைக்கப்பட்டிருக்கிறார். புகைப்படக் கலை வரலாற்றில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 48ஆவது வயதில் கமெராவைக் கையில் எடுத்து, கவிஞர் டென்னிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹெர்ஷல் போன்றவர்களின் முகங்களை மிக அருகிலிருந்து, மென்மையான கலங்கலோடு படம் பிடித்தவர். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமெரோன் நம் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகங்களில் வரும் கோல்புறூக்–கமெரோன் ஆணைக்குழுவின் அதே கமெரோன்தான். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்கவும் தோட்டப் பொருளாதாரத்துக்கு வழிதிறக்கவும் காரணமான அறிக்கைகளில் ஒன்றை எழுதிய மனிதர், பின்னர் இங்கேயே கோப்பிக் காணிகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே சட்டமும் காணியும் கமெராவும் சேர்ந்திருந்தன.

ஜூலியா கமெரோன் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவான படங்களே. அவற்றில் களுத்துறையைச் சேர்ந்தவர்களும் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். படங்கள் வணிக அட்டைகளைப் போல இல்லை. முகங்களில் கனம் இருக்கிறது. பார்வை நேராக வருகிறது. நிற்பவர்களுக்கு ஒரு மரியாதை தரப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றை நினைத்தால் மனம் நோகிறது. இங்கிலாந்தில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து பல படங்களில் அன்னை மரியாளாக நின்ற மேரி ஹில்லியரின் பெயர் இன்றைக்கும் தெரியும். இலங்கைப் படங்களில் நிற்பவர்களுக்கோ இளம்பெண், இலங்கை என்பது போன்ற தலைப்புகளே மிஞ்சின. அவருடைய கல்லறையில் பெயரும் திகதியும் இருக்கின்றன. அவர் எதிரே அசையாமல் நின்ற பெண்ணுக்கு எங்கள் ஊரில் எங்காவது ஒரு பெயர் இருந்திருக்கும், யாரோ அதைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்.

பெயரில்லாமை தற்செயலாக நேர்ந்த ஒன்றல்ல. அது அன்றைய ஏற்பாட்டின் ஒரு பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் ஆட்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு எண் பொறித்த தகரத்துண்டு கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு, யாருடைய கணக்கில் என்பதை அந்த எண் சொல்லும். ஆளின் பெயரை அது சொல்லாது. தோட்டத்துக்குள் 'பேர்' என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிட்டது. இன்றைக்கும் நம் பேச்சில் பேர் போடுவது என்றால் ஒரு நாள் சம்பளம் பதிவாவது, அரைப்பேர் என்றால் நிறை போதாததால் பாதிச் சம்பளம். கணக்குப் புத்தகத்தில் பேர் சம்பளமானது போலவே, தபாலட்டையில் ஆள் ஒரு 'வகை' ஆனார். தமிழ்க் கூலி, தமிழ்ப் பெண், கொழுந்து பறிப்பவள் என்பவை மட்டுமே அட்டையில் அச்சான அடையாளங்கள்.

என் மேசையிலிருக்கும் அட்டையின் இளஞ்சிவப்புச் சேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத் தபாலட்டைகள் பலவும் ஜேர்மனியிலேயே அச்சாயின. இங்கே கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் கப்பலில் போகும். அங்கே அச்சகத்தில் அதன் மேல் நிறம் ஏற்றப்படும். நிறம் ஏற்றியவர்கள் தேயிலை மலையையோ சேலையையோ பார்த்தவர்கள் அல்லர். ஒரே படத்தின் வெவ்வேறு பதிப்புகளில் ஒரே பெண் ஒருமுறை சிவப்பிலும் மறுமுறை நீலத்திலும் நிற்பது அதனால்தான். தேயிலைச் செடியின் பச்சை புல்லின் பச்சையாக இருக்கும். வானம் எப்போதும் தெளிவாக இருக்கும். நுவரெலியா மாவட்டத்தின் வானத்தைத் தெரிந்த எவருக்கும் அது அந்நியமான வானம். இந்த அட்டைகளை வைத்து அக்காலத்து ஆடை நிறங்களைப் பற்றி எழுத முற்படுபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கோடு இங்கிருந்து போனது. வண்ணம் அங்கே சேர்ந்தது.

தபாலட்டையிலிருந்து விளம்பரத்துக்குப் போனால் நோக்கம் வெளிப்படையாகிறது. 1890இல் பிரித்தானிய வணிகர் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற பொருள் கொண்ட அவருடைய விளம்பர வாசகத்தோடு கூடைக்காரத் தமிழ்ப் பெண் தேயிலைப் பொதிகளின் மேல் ஏறினாள். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், இங்கிருந்து கொண்டுபோன மரங்களால் செதுக்கு வேலைப்பாடுகளுடன் இலங்கை மண்டபம் ஒன்று எழுந்தது. அமெரிக்கர்கள் பலருக்கு இந்தத் தீவு அங்கேதான் தேநீர்க் கோப்பையோடு அறிமுகமானது. அதற்குப் பிறகு வந்த பெரும் அமைப்பு 1926 முதல் 1933 வரை இலண்டனில் இயங்கிய பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை. பேரரசுக்குள் விளைந்த பொருட்களையே வாங்க வேண்டும் என்று பிரித்தானியக் குடும்பங்களை இணங்கச் செய்வது அதன் வேலை. நல்ல ஓவியர்களை அமர்த்தி, பெரிய கல்லச்சு வண்ணச் சுவரொட்டிகளை அது வெளியிட்டது. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையும், 1935இல் சர்வதேசத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபையும் இந்தப் பணியில் இறங்கின. பின்னதற்காக ஓவியர் மக்டொனால்ட் கில் 1940இல் வரைந்த உலகப்படச் சுவரொட்டி, தேநீர் உலகுக்கே புத்துயிர் தருகிறது என்று அறிவிக்கிறது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது.

கல்லச்சுச் சுவரொட்டி தூரத்திலிருந்து பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல் அல்லது தகடு வேண்டும் என்பதால் நிறங்கள் குறைவாகவும் பரந்த பரப்பாகவும் இருக்கும்; சிறு விபரங்கள் களையப்படும். ஓவியர்கள் இதைத் தங்கள் கலையின் பலமாக மாற்றினார்கள். சரிவுகள் அலை அலையாக வளைகின்றன, நிரை நிரையாகச் செடிகள், நடுவே ஒரு நிறப்பொட்டாகப் பெண். கண்ணுக்கு இன்பமான வடிவமைப்பு அது. ஆனால் களையப்பட்ட விபரம் எது என்று கேளுங்கள். நான் பார்த்த அத்தகைய சுவரொட்டிகளில் மழை இல்லை. மழையில் போர்த்தும் கம்பளி இல்லை. விடியற்காலை, ஆட்கள் கூடி வேலை பிரிக்கப்படும் பிரட்டுக்களத்துக்கு அழைக்கும் தப்புப் பறையின் ஓசையைப் படத்தால் காட்ட முடியாது என்று வைத்துக்கொண்டாலும், பிரட்டுக்களத்தைக் காட்டியிருக்கலாம். கொழுந்து நிறுக்கும் இடம் இல்லை. தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முகம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பரா இல்லை. செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டும், மண்ணைக் கிளறி முள்ளுக் குத்தும் ஆண்கள் இல்லை. வேலையை மேற்பார்க்கும் கங்காணி கூட இல்லை. தேநீர் குடிப்பவரின் நிம்மதியைக் கெடுக்கும் எதுவும் அந்தச் சுவரில் இடம்பெறவில்லை.

1935இல் வெளியான இலங்கைப் படமுத்திரைத் தொடரில், இறப்பர்ப் பால் வெட்டுதல், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம் ஆகியவற்றுடன் கொழுந்து பறிக்கும் காட்சியும் ஒரு முத்திரையில் இடம்பெற்றது. அரச முத்திரையில், மன்னரின் தலைக்குப் பக்கத்தில் எங்கள் பெண்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பெண்களின் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்கள் பங்கிடப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கதி அடுத்த பேச்சுவார்த்தைக்குத் தள்ளிப்போடப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 ஆனது. இந்த ஆண்டுகள் முழுவதும் கூடைக்காரியின் படம் தேயிலைப் பெட்டிகளின் மேல் இலங்கையின் அடையாளமாக உலகெங்கும் போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய படத்துக்கு இருந்த நாடு அவளுக்கு இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும், இந்தப் படங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. நம் முன்னோர் தம் கையால் எழுதிவைத்த குறிப்புகள் மிகக் குறைவு. லயத்தில் புகைப்படம் எடுத்து வைக்கும் வசதி எவருக்கும் இருக்கவில்லை. வேறு யாருக்காகவோ எடுக்கப்பட்ட படமானாலும், கமெரா தன் எதிரே இருந்த அத்தனையையும் பதிவு செய்துவிட்டது. படம் பிடித்தவர் கவனிக்காததையும் சேர்த்துத்தான். ஒரு பெண்ணின் காதில் பாம்படமோ தண்டட்டியோ தொங்கினால், அவள் அல்லது அவளைப் பெற்றவர்கள் மதுரைக்குத் தெற்கேயுள்ள சீமையிலிருந்து வந்திருக்கக் கூடும் என்று ஊகிக்கலாம். மூக்குத்தி எந்தப் பக்கம், சேலைக் கொசுவம் முன்னாலா பின்னாலா, இரவிக்கை உண்டா இல்லையா என்பவை ஊர் வழக்கத்தையும் சாதி வழக்கத்தையும் காலத்தையும் சொல்லும். செடிகளையும் பார்க்க வேண்டும். கிளைத்துண்டு நட்டு வளர்க்கும் இன்றைய வி.பி. தேயிலை போல ஒரே மாதிரியாக இல்லாமல், இலையின் நிறமும் அளவும் செடிக்குச் செடி வேறுபட்டால் அது விதைத் தேயிலை. பின்னால் காட்டின் விளிம்பு தெரிந்தால், அந்த மலை அண்மையில்தான் வெட்டித் திறக்கப்பட்டிருக்கிறது.

இவற்றை வாசிக்கும் அறிவு பெரும்பாலும் நூலகங்களில் இல்லை. அது லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் எழுபது எண்பது வயதுப் பெண்களிடம் இருக்கிறது. வெளிநாட்டு நூதனசாலைகள் பலவும் தங்கள் பழைய படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தருகின்றன. கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றி, புழங்கிய பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருபக்கம் பெயரில்லாத முகங்கள், மறுபக்கம் முகம் இல்லாத பொருட்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கும்போதே படங்களை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். படங்களில் இல்லாததையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தைக் காட்டும் அட்டைகள் ஏராளமாக இருக்க, மாசியில் நடக்கும் காமன் கூத்தைக் காட்டும் பழைய அட்டை ஒன்றையேனும் நான் இதுவரை கண்டதில்லை. ரதியும் மதனும் வேடங்கட்டி வந்த இரவுகளை அப்பாயி நினைவிலிருந்து வரிசையாகச் சொல்கிறார்.

அன்று அவர் அட்டையை என்னிடம் உடனே திருப்பித் தரவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓரத்தில் விரலை வைத்தார். முன்னால் நிற்கும் பெண்ணுக்கு வெகு தூரம் பின்னால், சட்டத்துக்கு வெளியே பாதி போய்விட்ட இன்னொரு உருவம். நிறம் பூசியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. சாம்பல் நிறமாகவே விட்டுவிட்டார்கள். தலை குனிந்திருக்கிறது. கயிறு இறுகி நெற்றியை அழுத்தியிருக்கிறது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல் மட்டும் தெரிகிறது. அச்சுக் கோளாறு என்று நான் அதைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன்.

"இந்தா, இவ எடுக்கிறா" என்றார் அப்பாயி.